உங்களுக்குத் தெரியுமா? கழுகின் வயதை இறகே சொல்லும்!
வட அமெரிக்காவின் வெண்தலைக் கழுகுக்குப் பிறக்கும்போதே தலை வெளுத்திருப்பதில்லை. முதல் ஆண்டில் உடல் முழுக்கக் கரும்பழுப்பு, அலகும் கருமைதான். ஆண்டுதோறும் இறகுகள் உதிர்ந்து முளைக்க, வயிற்றிலும் முதுகிலும் வெள்ளைத் திட்டுகள் தோன்றி மறையும்; சுமார் 5 வயதில்தான் தலையும் வாலும் தூய வெள்ளையாகும். நிறம் பறவைக்குப் பறவை முந்தலாம், பிந்தலாமே என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். அதனால்தான் வல்லுநர்கள் சிறகின் பின்னோரத்தையும் பார்க்கிறார்கள். முதல் ஆண்டு இறகுகள் ஒரே சமயத்தில் முளைத்தவை. ஓரம் சீராக இருக்கும். இரண்டாம் ஆண்டில் நீண்ட பழைய இறகுகளுக்கு நடுவே குட்டையான புதியவை கலந்து, ஓரம் ரம்பப் பல்லாகத் தெரியும். நிறமும் ஓரமும் ஒத்துப்போனால் கணிப்பை நம்பலாம். ஆனால் முதிர்ந்த பிறகு 8 வயதுக் கழுகையும் 20 வயதுக் கழுகையும் இறகை வைத்துப் பிரித்தறிய முடியாது. குஞ்சிலேயே காலில் மாட்டிய வளையம் இருந்தால்தான் வயது தெரியும்.