பனித்தரையில் ஓர் ஆயுட்காலம்

ஐஸ் ஹாக்கியில் முன்வரிசை ஆட்டக்காரராக இருந்து ஜீவனம் நடத்துவது எத்தகைய தொழில் என்று நம் வாசகர்களுக்கு விளக்கப் புகுந்தால், அந்தக் களத்தை முதலில் சிறிது வர்ணித்தாக வேண்டும். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட, நாற்புறமும் பலகைச் சுவர் எழுப்பிய பனித்தரை அது. ஒவ்வொரு அணியிலும் கோல் காப்பவர் நீங்கலாக ஐவர் இறங்க, அவர்களில் இருவர் பின்னே நின்று தடுக்க, நடுவில் ஒருவரும் இரு பக்கங்களில் இருவருமாக மூவர் முன்னேறிச் சென்று கோல் போட முயல்கிறார்கள். அவர்கள் துரத்தும் கெட்டி ரப்பர் வட்டு, தரையில் துள்ளாமல் வழுக்க வேண்டுமென்று ஆட்டத்துக்கு முன்பே உறைய வைக்கப்படுகிறது. இக்காலத்து முன்வரிசை வீரர் ஒரு தடவை இறங்கினால் ஒரு நிமிஷத்துக்கு மேல் களத்தில் நிற்பது அரிது; அதற்குள் தேகபலம் முழுவதையும் செலவிட்டு, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வெளியேறிப் பெஞ்சில் அமர, வேறொருவர் பலகையைத் தாண்டி உள்ளே குதிக்கிறார். வட்டை வைத்திருப்பவரைத் தோளால் மோதிச் சுவரோடு சாய்ப்பது விதிக்கு உட்பட்ட காரியம். ஆகையால் இத்தொழிலில் பத்து வருஷம் நிலைத்தவரையே பாக்கியசாலி எனலாம். கார்டி ஹௌ என்ற கனடாக்காரரோ, பதினெட்டு வயதில் தொடங்கி ஐம்பத்திரண்டு வயதில் ஓய்ந்தார்.

1928 மார்ச் 31 அன்று சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஃப்ளோரல் என்ற சிற்றூரில் பிறந்து, அருகிலுள்ள சஸ்கட்டூன் நகரில், ஒன்பது குழந்தைகள் கொண்ட வறிய குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். வியாபாரம் முடங்கி ஜனங்கள் வேலையின்றித் தவித்த அந்த நாட்களில், கஷ்டப்பட்ட ஓர் அம்மாள் விற்க வந்த பழஞ்சாமான் மூட்டையை ஹௌவின் தாயார் இரக்கத்தால் வாங்க, அதற்குள் ஒரு ஜோடி ஸ்கேட் இருந்தது. ஒன்றைச் சகோதரி எடுத்துக்கொள்ள, மற்றொன்றை மாட்டிக்கொண்டு ஒற்றைக் காலால் சறுக்கப் பழகினான் சிறுவன். 1944-ல் டெட்ராயிட் ரெட் விங்ஸ் அணியின் நிர்வாகி ஜாக் ஆடம்ஸ் ஒப்பந்தப் பத்திரத்தை நீட்டியபோது, அந்தப் பதினாறு வயதுப் பையன் ஆசையோடு கேட்ட வெகுமதி, அணியின் சின்னம் பொறித்த மேற்சட்டை ஒன்றுதான். அதுவும் நெடுநாள் காத்திருந்த பின்னரே கைக்கு வந்தது. பிற்காலத்தில் அவருக்கு நேர்ந்த அநீதிக்கு வித்து இந்தச் சிறு சம்பவத்திலேயே இருக்கிறது என்பது என் துணிபு.

1946 அக்டோபரில் வலப்பக்க வீரராகக் களமிறங்கி முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டவருடைய கைத்திறன் அலாதியானது. அக்காலத்து மட்டையின் அலகு வளைவின்றி நேராக இருந்தபடியால், காவலர் ஒருவர் வலப்புறத்தை மறித்து நெருங்கும்போது, ஹௌ ஓடுகிற ஓட்டத்திலேயே கையை மாற்றிப் பிடித்து, பிறவி இடக்கைக்காரரைப் போல மறுபக்கத்திலிருந்து அடித்துவிடுவார். எந்தப் பக்கம் நகர்வதென்று கோல் காப்பவர் நிச்சயிப்பதற்குள் வட்டு வலைக்குள் போயிருக்கும். பார்ப்பவர்களுக்கு அவர் அவசரமே இல்லாதவர் போலத் தோன்றும்; நீண்ட, சாவதானமான அடிகளாகச் சறுக்கிச் செல்வார். ஆனால் களத்தின் மூலையில் அவரிடமிருந்து வட்டைப் பறிக்கத் துணிந்தவர்கள், அவருடைய முழங்கையின் வலிமையை மறக்க முடியாதபடி அறிந்துகொண்டார்கள். 1959-ல் நியூயார்க் அணியின் முரட்டு வீரரான லூ ஃபொன்டினாட்டோ அவருடன் கைகலந்து மூக்கு உடைந்து திரும்பிய பிறகு, வலுச்சண்டைக்கு வருவோர் குறைந்தார்கள். அணி ரயிலிலேயே பிரயாணம் செய்த அந்நாட்களில் சிறிய எண் உடையவர்களுக்கே கீழ்ப்படுக்கை கிடைத்ததால், தம் 17-ஆம் எண்ணை விட்டு 9-ஐ எடுத்துக்கொண்டார் என்பதும், பின்னர் அந்த எண்ணே பிரக்யாதி பெற்றது என்பதும் இங்கே சொல்லத் தக்கவை.

1950 மார்ச் 28 அன்று டொராண்டோ அணியுடன் நடந்த ஆட்டத்தில், எதிரணித் தலைவர் டெட் கென்னடியை மோதப் பாய்ந்தவர், குறி தவறித் தலைகுப்புறப் பலகைச் சுவரில் விழுந்தார். மண்டையோடும் மூக்கும் கன்ன எலும்பும் உடைந்து கிடந்தவருக்கு, மூளையின்மேல் ஏறிய அழுத்தத்தைத் தணிப்பதற்காக வைத்தியர்கள் மண்டையில் துளையிட்டுச் சிகிச்சை செய்தார்கள். உயிர் பிழைப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. அடுத்த பருவத்தில் அவர் எழுபது ஆட்டங்களில் ஒன்றையும் விடாமல் ஆடி, 43 கோல்கள் போட்டு, சகாக்களின் 43 கோல்களுக்குத் துணைநின்று, 86 புள்ளிகளுடன் போட்டித் தொடரிலேயே முதல்வரானார். மறுபடி அதே சுவரை நோக்கி அதே வேகத்தில் சறுக்கும் மனோதிடம் எங்கிருந்து வந்ததென்று எண்ணும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அதன்பின் அவருக்கு ஆறு தடவை மிகச் சிறந்த வீரர் விருதும், அணிக்கு மூன்று தடவை ஸ்டான்லி கோப்பையும் கிடைத்தன. 1963-ல் மாரிஸ் ரிச்சர்டின் 544 கோல்களை அவர் தாண்டினார்.

களத்தில் எவருக்கும் அணுவளவும் விட்டுக்கொடாத இம்மனிதர், நிர்வாகியின் அறையில் மட்டும் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு திரும்பினார். அவர் ஆடிய லீக்கில் அக்காலத்தில் மொத்தம் ஆறே அணிகள். ஒப்பந்தம் செய்த அணி விடுவித்தாலொழிய வேறோர் அணிக்குப் போக வழியில்லை. ஒருவர் சம்பளம் மற்றவருக்குத் தெரியாது. உம்மைவிட அதிகச் சம்பளம் வாங்குபவர் எவருமில்லை என்று அணியார் உறுதி கூற, ஹௌ அதை வேதவாக்காக நம்பினார். 1957-ல் அவருடைய இடப்பக்கத் தோழர் டெட் லிண்ட்ஸே வீரர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்து, அதன் பலனாகச் சிகாகோ அணிக்குத் தள்ளப்பட்டார். டெட்ராயிட் வீரர்கள் சங்கத்திலிருந்து விலகியபோது ஹௌ எதிர்த்து நிற்கவில்லை. ஹௌவிடம் எவ்வளவு அபிமானம் இருந்தாலும், அதை ஒரு குறையாகவே நான் கருதுகிறேன். அவருடைய ஒரு சொல்லுக்கு அன்று இருந்த மதிப்பு மற்றவர்களின் நூறு சொற்களுக்கு இல்லை. 1968-ல் புதிதாக வந்து சேர்ந்த பாப் பான் என்ற தடுப்பு வீரர், தாம் ஹௌவைவிட மிக அதிகம் வாங்குவதைச் சொன்ன பிறகுதான், அப்போது சுமார் 45,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்த ஹௌவுக்கு உண்மை விளங்கிற்று. கேட்ட மாத்திரத்தில் லட்சம் டாலர் கொடுத்தார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதை அவர் அறியாதிருந்தார் என்பதுதான் என் மனத்தை வருத்துகிறது.

மணிக்கட்டு வாதத்தால் 1971-ல் ஓய்வு பெற்றவருக்கு அணி அலுவலகத்தில் ஓர் உத்தியோகம் தந்தார்கள். அதில் செய்வதற்கு வேலைதான் இல்லை. 1973-ல் புதிய லீக் ஒன்றின் ஹூஸ்டன் அணி அவருடைய புதல்வர்களான மார்ட்டியையும் மார்க்கையும் அழைக்க, தந்தையும் உடன் சென்று, அவர்களோடு ஒரே சட்டையணிந்து ஆடி, அந்தப் பருவத்திலேயே நூறு புள்ளிகள் ஈட்டினார். 1979-80 பருவத்தில் ஹார்ட்ஃபோர்டு அணிக்காகப் பழைய லீக்குக்குத் திரும்பி, 80 ஆட்டங்களிலும் ஆடி 15 கோல்கள் போட்டபின் ஓய்ந்தார். அந்த லீக்கில் மட்டும் அவர் போட்ட கோல்கள் 801.

பிறகு, ஓய்வு பெற்ற வீரர்களின் ஓய்வூதிய நிதியில் சேர்ந்திருந்த உபரிப் பணத்தை அணிகள் தமக்கென எடுத்துக்கொண்டதை எதிர்த்து, பழைய வீரர்கள் எழுவர் ஒன்டாரியோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 1992-ல் தீர்ப்பு வீரர்களின் பக்கமே அமைந்தது. அந்த எழுவரில் ஹௌவும் ஒருவர்; அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு.