தெரியாததைத் தனியே நிறுத்துதல்

1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்னும் நில அளவை அதிகாரி, சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைலுக்குச் சற்று மிகுந்த நேர்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளந்தார். அங்கிருந்து பெங்களூரை நோக்கி நடைபெற்ற அளவையில் ஒவ்வொரு தொலைவும் சங்கிலியிட்டு அளக்கப்படவில்லை. குன்றுகளின் உச்சிகளை முனைகளாகக் கொண்டு முக்கோணங்கள் தொடராக அமைக்கப்பட்டன. தியோடலைட்டினால் கோணங்கள் அளக்கப்பட்டன. பக்கங்களின் நீளமோ கணக்கினால் பெறப்பட்டது.

இக்கணக்கிற்கு அச்சாணியாக விளங்குவது ஒரு சிறு சமன்பாடே. முக்கோணத்தின் எந்தப் பக்கத்தையும் அதற்கு எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் ஒரே ஈவு கிடைக்கும். அளந்த பக்கம் அ, அதன் எதிர்க்கோணம் க. வேண்டிய பக்கம் ஆ, அதன் எதிர்க்கோணம் ச எனக் கொள்வோம்.

ஆ ÷ சைன் ச = அ ÷ சைன் க

இதில் ஆ தனியாக நிற்கவில்லை; சைன் ச அதனை வகுக்கின்றது. ஆகவே இருபுறத்தையும் சைன் ச-வினால் பெருக்குதல் வேண்டும். அ 7 மைல், க 30 பாகை, ச 90 பாகை எனின், ஆ 14 மைல் ஆகும். இந்த 14 மைல் அடுத்த முக்கோணத்திற்கு அளந்த பக்கமாகின்றது.

‘மறுபுறம் கொண்டுபோனால் குறி மாறும்’ என்று வகுப்பில் சொல்வது வழக்கம். விரைவுக்கு அது உதவும். காரணத்தை அது கூறுவதில்லை. எதுவும் மறுபுறம் போவதில்லை. இருபுறத்திற்கும் ஒரே செயலைச் செய்கிறோம். அதனால் ஒருபுறத்தில் அவ்வெண் மறைகின்றது. இதனை உணராத மாணவன் எங்கே இடறுவான் என்பதை அச்சங்கிலியைக் கொண்டே காட்டலாம்.

எஃகு வெயிலில் நீளும். எனவே லாம்டன் சங்கிலியை மரத் தொட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகளையும் உடன் வைத்தார். முதல் நீளம் மு, வெப்பநிலை ஏற்றம் வெ, எஃகின் விரிவு எண் வி எனில், நீண்ட பின் உள்ள நீளம்:

நீ = மு (1 + வி × வெ)

100 அடிச் சங்கிலி 20 பாரன்ஹீட் பாகை ஏற்றத்தில் 100.0128 அடியாயிற்று எனக் கொண்டு, வி-யைக் காண்போம். வி முதலில் வெ-யினால் பெருக்கப்பட்டது. பின்னர் 1 கூட்டப்பட்டது. இறுதியில் மு-வினால் பெருக்கப்பட்டது. கடைசியாகச் செய்ததையே முதலில் நீக்கவேண்டும். சட்டைமேல் போர்த்திய அங்கவஸ்திரத்தைக் களைந்த பின்னரன்றோ சட்டையைக் கழற்றுகிறோம்! 100-ஆல் வகுக்க 1.000128, 1-ஐக் கழிக்க 0.000128; 20-ஆல் வகுக்க 0.0000064. இதுவே விடை.

1-ஐக் கழிக்குமுன் 20-ஆல் வகுத்து, அந்த 1-ஐ வகுக்க மறந்துவிடுவோர் பலர். அவர்களுக்கு விடை ஏறத்தாழ –0.95 என வரும். அஃதாவது, வெப்பநிலை ஒரு பாகை ஏறியதுமே நூறடிச் சங்கிலி ஐந்தடியாகச் சுருங்கிவிடும்! விடையைக் கண்டதும் இத்தகைய கேள்வியை எழுப்பும் பழக்கத்தை ஆசிரியர்கள் தொடக்கத்திலேயே ஏற்படுத்துதல் நன்று.

0.0128 அடி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பரங்கிமலைக் கோட்டின் நீளம் ஏறத்தாழ 40,000 அடி. அதில் சங்கிலி நானூறு முறை நீட்டப்பெறும். 20 பாகை ஏற்றத்தைக் கணக்கில் கொள்ளாது விட்டால் பிழை ஐந்தடியைத் தாண்டும். முதற்கோட்டில் நேரும் பிழை, அதனின்று பெறும் ஒவ்வொரு பக்கத்திலும் அதே விகிதத்தில் ஏறும்.

1804-இல் பெங்களூர் அருகே ஏழு மைலுக்குச் சற்று மிகுந்த மற்றொரு கோடு சங்கிலியால் நேராக அளக்கப்பட்டது. அதே கோட்டின் நீளம் பரங்கிமலையிலிருந்து முக்கோணத் தொடரின் வழியே கணக்கிடவும் பட்டிருந்தது. மாணவன் தன் விடையை முதற்சமன்பாட்டில் இட்டுப் பார்ப்பதற்கு நிகரான சோதனை இது. இரண்டையும் ஒப்பிட்டபொழுது காணப்பட்ட வேறுபாடு நான்கு அங்குலத்திற்கும் குறைவு.