அழைப்போலையும் ஊர்ப் படமும்

ஒரு விளையாட்டில் சேர்ந்துகொள்ள அழைப்பு வராதா என்று பல தேசங்களின் வாலிபர்கள் மாதக்கணக்கில் ஏங்கிக் கிடந்த செய்தி நமது நேயர்களில் சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். 2012 நவம்பரில், அமெரிக்காவின் கூகிள் கம்பெனிக்குள் இயங்கிய நயாண்டிக் என்னும் பிரிவு, 'இங்கிரஸ்' என்ற கைப்பேசி விளையாட்டை வெளியிட்டது. கதவு எல்லோருக்கும் திறக்கப்படவில்லை. அழைப்புப் பெற்றவர் மட்டுமே உள்ளே புகலாம். அதற்காகச் சித்திரம் தீட்டி விண்ணப்பித்தவர்களும் உண்டு. நண்பர்களிடம் இரந்தவர்களும் உண்டு. 2013-ஆம் ஆண்டு இறுதியில்தான் அது பொதுஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

அந்த விளையாட்டின் முறை இது: கண்ணெதிரே உள்ள உலகத்தின் மீது ஒரு கற்பனை உலகத்தைப் படியவைக்கும் வித்தை. கைப்பேசியின் திரையில் ஊரின் படம் தெரியும். அதில் சிலைகள், கோயில்கள், நூல்நிலையங்கள், நினைவு மண்டபங்கள் ஆகியவை 'வாயில்கள்' என்று குறிக்கப்பட்டிருக்கும். வீட்டில் உட்கார்ந்தபடி அவற்றை வெல்ல முடியாது. சுமார் 40 மீட்டர் தூரத்துக்குள் கால்நடையாகவோ வண்டியிலோ போயாக வேண்டும். ஆடுபவர்கள் நீலக் கட்சி, பச்சைக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்திருப்பார்கள். மூன்று வாயில்களைப் பிடித்துக் கோடுகளால் இணைத்தால் முக்கோணம் உண்டாகும். அந்த முக்கோணத்துக்குள் எத்தனை ஜனங்கள் வசிக்கிறார்கள் என்று மதிப்பிட்டு, அதற்கேற்பக் கட்சிக்குக் கணக்கு ஏறும்.

இதை நமது கம்பம் பள்ளத்தாக்கில் பொருத்திப் பார்ப்போம். லோயர் கேம்பில் 2013 ஜனவரியில் திறக்கப்பட்ட பென்னிகுயிக் மணிமண்டபம் ஒரு வாயில். சுருளித் தீர்த்தம் மற்றொன்று. போடிநாயக்கனூரில் ஒரு கோயில் மூன்றாவது. மூன்றையும் இணைத்தால், முல்லைப் பெரியாற்று நீரில் விளையும் வயல்களும், பன்னீர்த் திராட்சைத் தோட்டங்களும், பல ஆயிரம் குடிகளும் அந்தக் கோடுகளுக்குள் அடங்கிவிடுவார்கள். நாற்று நடுகிறவளுக்கும், விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போகிறவனுக்கும், தாங்கள் யாருடைய கணக்கில் சேர்ந்தோம் என்பது தெரியாது.

விளையாட்டுத்தானே, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆகையால் பின்னால் நடந்ததைச் சொல்லுகிறோம். தங்கள் ஊரில் உள்ள சிலையையும் கோயிலையும் படம் பிடித்து, பெயர் எழுதி, இடம் குறித்து அனுப்பியவர்கள் ஆடியவர்களே. அதற்காக அவர்களுக்குச் சல்லிக்காசு கொடுக்கப்படவில்லை. 2015-இல் நயாண்டிக் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. 2016-இல் 'போக்கிமான் கோ' என்ற விளையாட்டை வெளியிட்டு உலகையே ஆட்டிவைத்தது. அதன் முக்கிய ஸ்தலங்களில் பெரும்பாலானவை இங்கிரஸ் ஆடியவர்கள் அனுப்பிய இடங்களே. 2024 நவம்பரில், ஆடுபவர்கள் கைப்பேசியால் வருடிக் கொடுத்த காட்சிகளைக் கொண்டு, பூமியின் இடங்களை இயந்திரங்களே அறிந்துகொள்ளும் பேரமைப்பு ஒன்றைத் தயாரிப்பதாக அதே கம்பெனி தெரிவித்தது. அதன் கைவசம் இருந்த அத்தகைய இடங்கள் சுமார் 1 கோடி. 2025-இல் போக்கிமான் கோ உள்ளிட்ட விளையாட்டுகள், சவூதி அரேபிய மூலதனத்தைச் சார்ந்த ஸ்கோப்லி கம்பெனிக்கு 350 கோடி டாலருக்கு விலைபோயின. இடப்பட அறிவும் இங்கிரஸும் நயாண்டிக்கிலிருந்து பிரிந்த புதுக் கம்பெனியிடம் தங்கின.

அழைப்போலைக்கு ஏங்கியவர்கள் விளையாடத்தான் ஏங்கினார்கள். ஆயினும் அவர்களுக்குக் கிடைத்தது நில அளவைக் கூலியின் உத்தியோகமும் ஆகும். அதுவும் சம்பளமில்லாத உத்தியோகம்.

முக்கோணம் போட்டு நாட்டை அளப்பது நமக்குப் புதிதல்ல. 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து, மகா முக்கோண அளவையைத் தொடங்கினார். மலை கிடைத்த இடத்தில் மலைமீதும், சமவெளியில் கோயிற் கோபுரத்தின் மீதும் கருவியை ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அப்படி ஏற்றும்போது அந்தப் பெருங்கருவி மோதிச் சேதமடைந்தது. கொடி பிடித்தவர்களும் கருவி சுமந்தவர்களும் நம்மவர், படம் கும்பினியாருடையது. அந்த அளவை சாஸ்திர உலகில் ஒரு மகத்தான சாதனை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் படத்தை வைத்திருந்தவனே வரியையும் பாதையையும் காட்டையும் தீர்மானித்தான் என்பதையும் மறக்கலாகாது.

இதனால் வாலிபர்கள் விளையாடலாகாது என்று நாம் உபதேசிக்க வரவில்லை. வீட்டு மூலையில் குனிந்திருப்பவனை எழுப்பித் தெருவில் நடக்கவைத்து, இதுவரை ஏறிட்டுப் பாராத சிலையின் பெயரை வாசிக்கவைக்கும் விளையாட்டு நல்ல விளையாட்டே. அந்த உற்சாகம் நாட்டுக்கு மூலதனம். அதை யாருடைய பெட்டியில் போடுவது என்பதே கேள்வி.

நமது ஜில்லாவில் குறிக்கவேண்டியவை எத்தனையோ இருக்கின்றன. ஆண்டிபட்டி தாலுகா புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கண்டுபிடிக்கப்பட்டன. பாண்டியர் வரலாற்றுக்குச் சான்றான செப்பேடுகள் சின்னமனூர்ப் பெயரால் வழங்குகின்றன. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலும், 1895-இல் முடிவுற்ற பெரியாற்று அணையின் நீரைக் கொணரும் கால்வாய்களும், மதகுகளும், பழைய சத்திரங்களும் உள்ளன. இவற்றில் எவை எந்த வழியில் இருக்கின்றன என்று தமிழில் குறித்த படம் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் இருக்கவேண்டாமா?

சட்டமும் இதற்குத் தடையாக இல்லை. 2021 பிப்ரவரியில் இந்திய சர்க்கார் வெளியிட்ட விதிகளின்படி, இந்தியப் பிரஜைகளும் நிறுவனங்களும் பொதுவாக முன் அநுமதி இன்றியே நிலப்படம் தயாரிக்கலாம். ஒரு மீட்டருக்கும் நுட்பமான படத் தகவல்களைத் தயாரிக்கும் உரிமை இந்தியருக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாதனத்துக்கும் குறைவில்லை. 2004-இல் தொடங்கிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் பொதுப் படத்தில் எவரும் தம் ஊரைத் தமிழிலேயே குறிக்கலாம். விதிகளுக்கு உட்பட்டு எவரும் அதைப் பயன்படுத்தலாம். ஒரு கம்பெனி தனக்கு மட்டும் என்று அதைப் பூட்டிவைக்க முடியாது. அதில் சேர அழைப்போலையும் வேண்டியதில்லை.

நாளை வேறொரு விளையாட்டு வரும். மீண்டும் அழைப்பு வரும். மீண்டும் நமது பிள்ளைகள் ஏங்குவார்கள். ஏங்கட்டும். ஆனால் உள்ளே புகுமுன் மூன்று விஷயங்களை விசாரித்துக்கொள்ளட்டும்: நாம் கொடுக்கும் தகவல் எங்கே சேமிக்கப்படும்? அதை யார் யாருக்கு விற்கலாம்? நாம் விலகினால் அது நமக்குத் திரும்புமா? விளையாடும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு மணி நேரம் பொதுப் படத்துக்கு ஒதுக்குவோம் என்று தேனி, கம்பம், போடி மாணவர்கள் சங்கல்பம் செய்துகொள்வார்களானால், சில ஆண்டுகளுக்குள் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு மதகும் நடுகல்லும் நம் கைப்பட எழுதிய படத்தில் இடம்பெற்றுவிடும். கல்லூரி ஆசிரியர்களும் வாலிபர் சங்கங்களும் இவ்வேலையை உடனே மேற்கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.