மனை மண் வாய்க்காலுக்குப் போகலாமா?



ஆடி மாதத்தில் நம்மில் பலர் வீட்டு வேலை தொடங்குவதில்லை. ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்துப் பூமி பூஜை போடுகிறோம். மேட்டை வெட்டி, மனையைச் சமன் செய்து, அஸ்திவாரம் தோண்டுகிற நேரத்தில் ஐப்பசி வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஆக, மனையில் மண் வெறுமையாகக் கிடக்கிற காலமும், மழை கொட்டுகிற காலமும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன.

"பத்து சென்ட் மனைதானுங்களே, இதிலேயிருந்து எவ்வளவு மண் போயிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சென்ட் இடத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால், விழுகிற தண்ணீர் சுமார் 20,000 லிட்டர். புல் பூண்டு இருந்தால் அதில் நல்ல பங்கு நிலத்துக்குள் இறங்கும். வண்டி ஏறி இறுகிப்போன வெறும் மண்ணில் பாதி வழிந்து ஓடினாலும் 10,000 லிட்டர். ஒரு பெரிய தண்ணீர் லாரியை மனையில் கவிழ்த்தது போலத்தான்.

இந்தத் தண்ணீர் வெறுங்கையோடு போவதில்லை. பெரிய மழைத்துளி ஒன்று விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து மண்ணை அடித்துச் சிதற வைக்கிறது. சிதறிய மண்ணை ஓடும் நீர் அள்ளிக்கொண்டு போகிறது. போய்ச் சேருவது எங்கே? கீழே இருக்கிற நாற்றங்காலுக்கு, வரத்து வாய்க்காலுக்கு, கடைசியில் ஏரிக்கு. வாய்க்கால் தூர்ந்தால் முதலில் காய்வது கடைமடைக்காரர் பயிர்.

"ஏரி வண்டலை நாமே காசு கொடுத்து அடிக்கிறோமே, மண் வந்தால் நல்லதுதானே?" என்று சிலர் சொல்வார்கள். அஸ்திவாரத்திலிருந்து வருவது வண்டல் அல்ல, அடிமண். அதில் மக்குச் சத்து மிகக் குறைவு. பயிர்மேல் படிந்து காய்ந்தால் ஓடு கட்டிக்கொள்ளும். முளை மேலே வராது.

ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். உங்கள் மனை மண் ஒரு பிடி எடுத்து, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி பாட்டிலில் போட்டு, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படிந்துவிடும். களி மறுநாள் பார்த்தாலும் கலங்கலாகவே நிற்கும். இதிலிருந்து என்ன தெரிகிறது? கலங்கி ஓடிய பிறகு மண்ணைப் பிடிப்பது கடினம். மண்ணை இருக்கிற இடத்திலேயே நிறுத்துவதுதான் சுலபம், செலவும் குறைவு. அதற்கு, மண்வெட்டி போடுமுன்பே திட்டம் வேண்டும். வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு கோடை மழையின்போது மனையில் போய் நின்று பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மூலையில் வெளியேறுகிறது என்று தெரிந்துகொண்டு முளை அடித்து வையுங்கள்.

இரண்டாவது, ஜே.சி.பி. வந்திருக்கிறதே என்று மனை முழுவதையும் வழிக்க வேண்டாம். வீடு வரும் இடத்தை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். தாழ்ந்த பக்கத்தில் 10 அடி அகலத்துக்குப் புல்லை அப்படியே விடுங்கள். அது காசு கேட்காத வடிகட்டி.

மூன்றாவது, மேல்மண்ணை அரை அடி கனத்துக்கு எடுத்துத் தனியாகக் குவித்து வையுங்கள். அடிமண்ணோடு கலந்துவிட வேண்டாம். பிற்பாடு கொல்லையில் வாழையும் முருங்கையும் வைக்க இந்த மண்தான் வேண்டும். குவியல்களை வாய்க்கால் ஓரத்தில் போடாமல் மேட்டுப் பக்கம் போட்டு, வைக்கோலோ கரும்புச் சோகையோ பரப்புங்கள். மாதக்கணக்கில் கிடக்கும் என்றால் கொள்ளு விதைத்து விடுங்கள். மண்ணும் நிற்கும், மாட்டுக்கும் தீவனமாகும்.

நான்காவது, மேட்டிலிருந்து வரும் தண்ணீர் மனைக்குள் நுழையாதபடி மேல்புறம் ஒரு சிறு வாய்க்கால் எடுங்கள். 100 அடி நீளத்துக்கு அரை அடி முதல் ஓரடி வரை சரிவு போதும். அதற்குமேல் போனால் வாய்க்காலே அரித்துக்கொள்ளும். கொத்தனார் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற டியூப்பால் இதைச் சரிபார்க்கலாம். வாய்க்காலின் முடிவு புல் தரையில் இருக்கட்டும். பக்கத்துக்காரர் வரப்பில் இருக்க வேண்டாம்.

ஐந்தாவது, தாழ்ந்த மூலையில் மண் பிடிக்கும் குழி ஒன்று தோண்டுங்கள். 10 சென்ட் மனைக்கு 12 அடி நீளம், 10 அடி அகலம், 3 அடி ஆழம் என்றால் சுமார் 10,000 லிட்டர் கொள்ளும். தண்ணீர் வழியும் இடத்தில் கல் அடுக்குங்கள். பாதி நிரம்பியதும் மண்ணை அள்ளிவிடுங்கள். குழி அஸ்திவாரத்தையும் கிணற்றையும் விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். குழந்தைகள் விழாதபடி சுற்றிலும் முள்வேலி அவசியம்.

ஆறாவது, லாரி வந்து போகும் வழியில் செங்கல் துண்டு, சரளை பரப்புங்கள். சக்கரத்தில் ஒட்டிச் சேறு தெருவுக்குப் போகாது. மணல், ஜல்லி ஆகியவற்றையும் வடிகாலில் கொட்டாதீர்கள்.

இந்த வரிசையில் மூன்று முக்கியம்: குழியும் மேல் வாய்க்காலும் முதலில், அஸ்திவாரம் பிறகு. பல இடங்களில் நடப்பது தலைகீழ். மழை வந்து மண் போன பிறகு சாக்கில் மண் நிரப்பி அடுக்குகிறார்கள். ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் ஒரு நடை சுற்றி வந்து, உடைந்த கரையை அன்றே கட்டிவிடுங்கள். அஸ்திவாரக் குழியையும் திறந்து போடாமல் சீக்கிரம் கட்டி, இருபுறமும் மண் போட்டுத் திமிசு போட்டு இறுக்குங்கள். இல்லையென்றால் அரிப்பு கடைக்காலுக்கு அடியிலேயே புகுந்துவிடும்.

வீடு முடிந்ததும் சரிவின் குறுக்கே வெட்டிவேர் நடுங்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரே வரிசையாக நட்டால், தூர் கட்டிப் பச்சைச் சுவர் போல நிற்கும். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழாக ஆழமாக இறங்குவதால் மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

வைக்கோலும் சோகையும் நம் களத்திலேயே இருக்கின்றன. எந்திரம் வந்த அன்றே குழியையும் வாய்க்காலையும் எடுத்துவிட்டால் கூடுதல் செலவு சில மணி நேர வாடகைதான். சரிவு அதிகமுள்ள இடமென்றால், உங்கள் வட்டாரத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலரைக் கலந்து ஆலோசியுங்கள்.

நம் வீடு உயர வேண்டியதுதான். அதற்காகக் கீழ்வயல்காரரின் வாய்க்காலும் மேடாக வேண்டாம்.