24 ஃப்ரெட் வாங்கலாமா?

உட்காரு கண்ணு, டீ வரட்டும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கச்சேரிக்கு முன்னால் 24 ஃப்ரெட் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்கிறாய். அதில் நெக் பிக்கப்பின் குழைவு போய்விடும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. அது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு காசைக் கொடு.

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும்தான். தன் தலைக்கு நேர்மேலே தந்தி எப்படி ஆடுகிறதோ, அது மட்டுமே அதற்குத் தெரியும். மீட்டிய தந்தி முழு நீளத்துக்கும் ஒரு பெரிய ஆட்டம் ஆடும். அதுதான் அடிப்படைச் சுரம். நடுவில் அகலமாக இருக்கும், பிரிட்ஜை நெருங்க நெருங்க ஒடுங்கும். கூடவே இரண்டாக, மூன்றாக, நான்காகப் பிரிந்தும் ஆடும். குரலின் கூர்மை அங்கிருந்து வருகிறது.

இப்போது அளவைப் பார். ஃபெண்டர் ஸ்ட்ராட்டில் தந்தி நீளம் 648 மி.மீ. 22வது ஃப்ரெட் பிரிட்ஜிலிருந்து சுமார் 182 மி.மீ., 24வது சரியாகக் கால் பங்கில், 162 மி.மீ. அந்த இரண்டு ஃப்ரெட்டுக்கு இடம் கொடுக்க நெக் பிக்கப் ஏறக்குறைய 2 செ.மீ. பின்வாங்குகிறது. திறந்த தந்தியில் அடிப்படைச் சுரம் கொஞ்சம் இளைக்கும். அதைவிட முக்கியம், நான்காகப் பிரியும் ஆட்டம் கால் பங்குப் புள்ளியில் அசையாது. ஸ்ட்ராட்டின் நெக் பிக்கப் கிட்டத்தட்ட அதன் கீழேயே இருப்பதால் அந்த ஒலி அடங்கிக் கிடக்கும். பிக்கப்பைத் தள்ளி வைத்ததும் அது வெளியே வரும். உன் நண்பனின் ஸ்ட்ராட்டில் நெக் பிக்கப்புக்கு மேலே தந்தியை விரல் நுனியால் லேசாகத் தொட்டு மீட்டு. இரண்டு ஸ்தாயி மேலே மணிபோல ஒரு சுரம் கேட்கும் இடம்தான் அந்தப் புள்ளி.

அந்த இடத்தில் மாயம் இருக்கிறது என்பார்கள். அங்கேதான் நான் உடன்படமாட்டேன். ஐந்தாவது ஃப்ரெட்டை அழுத்து, கால் பங்குப் புள்ளி 4 செ.மீ. பிரிட்ஜ் பக்கம் ஓடிவிடும். பிக்கப் நகருமா? எனவே பாட்டு முழுக்க நிலைத்து நிற்பது பிரிட்ஜிலிருந்து பிக்கப்பின் தூரம் மட்டும்தான்.

1954இல் வந்த ஸ்ட்ராட்டுக்கு 21 ஃப்ரெட். பிறகு 22 ஆக்கியபோது விரற்பலகையைத்தான் நீட்டினார்கள், பிக்கப்பைத் தொடவில்லை. நம் வீணைக்கும் 24 மெட்டுதான். அதன் மரத்தில் ஒட்டும் கான்டாக்ட் மைக் மர அதிர்வைப் பிடிப்பதால் இந்தப் பேச்சே அங்கே எழாது.

கடைக்குப் போகும்போது டேப் ஒன்று எடுத்துக்கொள். பிரிட்ஜிலிருந்து நெக் பிக்கப்பின் நடுவரை இரண்டு கிட்டாரிலும் அளந்து பார், பிறகு ஒரே ஆம்ப்பில் வாசித்துக் கேள். கிட்டார் பிரசன்னா போல எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்க ஆசையிருந்தால், ஒவ்வொரு தந்தியிலும் இரண்டு முழு ஸ்தாயி கிடைக்கிற 24 உனக்கு உதவும். மெல்லிசை மேடைக்கு 22 போதும்.