மூவாயிரம் அட்டைகளைக் கலைத்தவர்

குழந்தைகளே! அடுப்பில் சோறு கொதிக்கும்போது அம்மா என்ன செய்கிறார், கவனித்திருக்கிறீர்களா? கரண்டியில் நாலு பருக்கையை எடுத்து, விரலால் நசுக்கிப் பார்க்கிறார். வெந்துவிட்டது என்றால் பானையை இறக்கி விடுகிறார். ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

அரிசி மண்டியிலும் இதே வேலை நடக்கும். வியாபாரி குத்தூசியை மூட்டைக்குள் சொருகி இழுப்பார். அதில் வரும் அரிசியை உள்ளங்கையில் கொட்டி, எத்தனை நொய், எத்தனை கல் என்று பார்ப்பார். மூட்டைக்குள் இருப்பது லட்சக்கணக்கான அரிசி. கையில் இருப்பதோ ஒரு பிடி. அந்த ஒரு பிடியைப் பார்த்து மொத்த மூட்டைக்கும் விலை பேசி விடுவார்.

இந்த ஒரு பிடிக்குப் புள்ளியியலில் ‘மாதிரி’ என்று பெயர். என் வகுப்பில் இந்த இடம் வந்ததும், கடைசி பெஞ்சிலிருந்து யாராவது ஒருவன் எழுந்து கேட்பான்: “சார், வேற இடத்துல குத்தினா வேற மாதிரி வருமே?”

வரும்தான். நல்ல கேள்வி. எவ்வளவு மாறி வரும் என்பதுதான் அதைவிட நல்ல கேள்வி. (பாடம் என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். கோலிக்குண்டும் வருகிறது, கின்னஸும் வருகிறது!)

ஐந்து சிறுவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் முறையே 2, 4, 6, 8, 10 கோலிக்குண்டுகள் இருக்கின்றன. மொத்தம் 30. சராசரி 6. இது நமக்குத் தெரியும். ஆனால், வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் இரண்டே இரண்டு பேரின் பையைப் பார்த்துவிட்டுச் சராசரியைச் சொல்ல வேண்டும்.

அவர் எந்த இரண்டு பேரைப் பார்ப்பார்? மொத்தம் 10 ஜோடிகள் அமையும். பென்சிலை எடுத்து நீங்களே எழுதிப் பாருங்கள். 2, 4 உள்ளவர்களைப் பார்த்தால் சராசரி 3. 8, 10 உள்ளவர்களைப் பார்த்தால் 9. இப்படிப் பத்து ஜோடிக்கும் கணக்கிட்டால் 3, 4, 5, 5, 6, 6, 7, 7, 8, 9 என்று வரும். இந்தப் பட்டியலை நன்றாகப் பாருங்கள். இது கோலிகளின் பட்டியல் அல்ல; கிடைக்கக்கூடிய சராசரிகளின் பட்டியல். இதற்குத்தான் ‘மாதிரிப் பரவல்’ என்று பெயர். கல்லூரி மாணவர்கள்கூட இந்த இரண்டு பட்டியலையும் போட்டுக் குழப்பிக் கொள்வார்கள். நீங்கள் குழம்ப வேண்டாம்.

பட்டியலில் இன்னொரு வேடிக்கை உண்டு. பத்தையும் கூட்டிப் பத்தால் வகுங்கள். சரியாக 6! தனித்தனியாகத் தவறினாலும், எல்லாம் சேர்ந்து உண்மையைச் சுற்றியே நிற்கின்றன.

சரி, அவர் இரண்டு பேருக்குப் பதில் நான்கு பேரைப் பார்த்தால்? ஐந்து வழிகள்தான். சராசரி 5, 5.5, 6, 6.5, 7 என்று வரும். முன்பு 3 முதல் 9 வரை ஆடிய ஆட்டம், இப்போது 5-க்கும் 7-க்கும் நடுவில் அடங்கி விட்டது. மாதிரி பெரிதாகப் பெரிதாக ஆட்டம் குறைகிறது. ஆனால் கஞ்சத்தனமாகத்தான் குறையும். பெரிய கூட்டத்தில் மாதிரியை நான்கு மடங்காக்கினால் ஆட்டம் பாதியாகும். அதைக் கால்வாசியாக்க வேண்டுமானால் மாதிரி பதினாறு மடங்காக வேண்டும்!

இனி, அட்டைகளைக் கலைத்தவரிடம் போவோம்.

அவர் பெயர் வில்லியம் கோசெட். 1876-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் கணிதமும் வேதியியலும் படித்துவிட்டு, 1899-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் கின்னஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஆமாம், சாதனைப் புத்தகத்தின் பெயரில் இருக்கும் அதே கின்னஸ்தான். புத்தகம் 1955-ல் வந்தது. கம்பெனி அதற்கு வெகு காலம் முன்பே பார்லியிலிருந்து பீர் தயாரித்து வந்தது. பீர் நமக்கு வேண்டாம். பார்லியை மட்டும் எடுத்துக் கொள்வோம்.

எந்த ரகப் பார்லியை உழவர்கள் விதைக்கலாம், எது நன்றாக விளைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ரகத்தை நான்கு வயல்களில் விதைத்துப் பார்க்கலாம். நாற்பது வயல்களில் பார்க்க ஏது நிலம், ஏது பணம்? அறுவடை வேறு வருடத்துக்கு ஒருமுறைதான். நான்கு வயல் விளைச்சலை நம்பித் தவறான ரகத்தைச் சொல்லி விட்டால், எத்தனையோ உழவர்களின் ஒரு வருட உழைப்பு வீண்.

அந்தக் காலத்துக் கணித அறிஞர்களிடம் விதிகள் இருந்தன. ஆனால் அவை நூற்றுக்கணக்கில் மாதிரி வைத்திருப்பவர்களுக்கு ஏற்றவை. நான்கை வைத்துக்கொண்டு தவிப்பவருக்கு என்ன விதி?

நான்கில் என்ன ஆபத்து? நம் கோலிக்குண்டுக்கே திரும்புவோம். 2, 4 உள்ள இருவரைப் பார்த்தவர் என்ன நினைப்பார்? ‘இரண்டும் நெருக்கமாக இருக்கிறதே! எல்லோரிடமும் மூன்று பக்கம்தான் இருக்கும்’ என்று அடித்துச் சொல்வார். தவறு. 2, 10 உள்ள இருவரைப் பார்த்தவரோ, ‘ஒன்றும் புரியவில்லையே’ என்று தலையைச் சொறிவார். அவருக்குக் கிடைத்த சராசரி 6, அதுவே சரியான விடை! சின்ன மாதிரி சில நேரம் ஒட்டி உறவாடும் எண்களைக் காட்டி, நமக்கு இல்லாத தைரியத்தைக் கொடுத்து விடும். அந்தத் தைரியத்துக்கு எவ்வளவு கடிவாளம் போட வேண்டும் என்பதைத்தான் கோசெட் கணக்கிட்டார்.

1906-ல் லண்டன் சென்று, புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனிடம் இருந்து ஆராய்ந்தார். சூத்திரம் கிடைத்தது. அது சரிதானா என்று எப்படிச் சோதிப்பது? கம்ப்யூட்டர் இல்லாத காலம் ஆயிற்றே!

கைரேகை முறை பரவுவதற்கு முன், கைதிகளை அடையாளம் காண அவர்களின் உடல் அளவுகளைக் குறித்து வைப்பார்கள். அப்படி 3,000 கைதிகளின் உயரமும், இடது கை நடுவிரலின் நீளமும் கிடைத்தன. ஓர் ஆளுக்கு ஓர் அட்டை என்று 3,000 அட்டைகளில் எழுதினார். சீட்டுக்கட்டைக் கலைப்பது போல நன்றாகக் கலைத்தார். ஒவ்வொன்றாக எடுத்து, வந்த வரிசையில் நோட்டில் குறித்தார். பிறகு அவற்றை நான்கு நான்காகப் பிரித்தார். 750 மாதிரிகள்! ஒவ்வொன்றுக்கும் சராசரி, ஒவ்வொன்றுக்கும் விலகல் என்று கையால் கணக்கிட்டார். (பத்து ஜோடிக்கே உங்களில் எத்தனை பேர் கொட்டாவி விட்டீர்கள்?) மூவாயிரம் பேரின் உண்மையான சராசரி அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு நான்கு பேரும் உண்மையிலிருந்து எவ்வளவு விலகினார்கள் என்று பார்க்க முடிந்தது. சூத்திரம் சொன்னதற்கும் அட்டைகள் சொன்னதற்கும் நன்றாகவே பொருந்தியது.

கட்டுரை 1908-ல் ‘பயோமெட்ரிக்கா’ என்ற இதழில் வெளிவந்தது. ஆனால் அதில் கோசெட்டின் பெயர் இல்லை. ஊழியர்கள் தங்கள் பெயரில் ஆராய்ச்சியை வெளியிடக் கம்பெனி அனுமதிக்கவில்லை. அதனால் ‘ஸ்டூடண்ட்’, அதாவது மாணவன், என்று கையெழுத்திட்டார். இன்றும் உலகமெங்கும் அந்தப் பரவலுக்கு ‘ஸ்டூடண்ட்’ பெயர்தான்.

அட்டைகளைக் கலைத்தார் என்றேனே, அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 1936-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை கருத்துக் கேட்டது. 20 லட்சத்துக்கும் அதிகமானோர் பதில் எழுதினார்கள். லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ஆனால் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார்! டெலிபோன், கார் வைத்திருப்போர் பட்டியல்களைப் பார்த்தே பெரும்பாலும் சீட்டு அனுப்பியிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஏழைகளிடம் அவை ஏது? பதில் போட்டவர்களும் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தார்கள். கிளறாத பானையில் மேலாக எத்தனை கரண்டி எடுத்தாலும் அடிச்சோறு வராது.

நம் நாட்டுக்காரர் ஒருவரையும் தெரிந்து கொள்ளுங்கள். பி.சி.மகலநோபிஸ். 1931-ல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். அவர் பிறந்த ஜூன் 29-ஐ, 2007 முதல் புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறோம். 1937 முதல் வங்காளத்தில் சணல் எவ்வளவு பரப்பில் விளைகிறது என்று மாதிரி எடுத்து அளந்தார். எல்லா வயலையும் அளக்க ஆளும் பணமும் போதாது. ஆங்காங்கே சில நிலங்களைத்தான் பொறுக்க முடியும்.

அதை நம்பலாமா? மகலநோபிஸ் ஒரு யுக்தி செய்தார். மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டு குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுத்தார். ஒரே இடத்தில் இரண்டு குத்தூசி! இரண்டு குழுக்களின் விடைகளும் ஒட்டி வந்தால் மேலே போகலாம். மிகவும் விலகி வந்தால், எங்கே பிசகு என்று தேடி மறுபடியும் வயலுக்குத்தான் போக வேண்டும்.