வாரம் 7 பவுன் கேட்ட பாடகி!

இங்கிலாந்து நாட்டில், லண்டனை அடுத்து சவுத்தால் என்று ஓர் ஊர். அங்கே 1927-ம் ஆண்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

தகப்பனார் ஜமைக்காத் தீவைச் சேர்ந்த கறுப்பு இனத்தவர். தாயார் வெள்ளைக்காரப் பெண். தகப்பனார் கூலி வேலை செய்தார். வேலை கிடைக்காத காலத்தில் தெருவில் நின்று பாடிக் காசு வாங்கினார். அப்படிப்பட்ட வீட்டில் இருந்தும், தாயார் தன் மகளைப் பாட்டு வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் அனுப்பினார்.

அந்தப் பெண்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பாடகி கிளியோ லேன்.

சிறு வயதில் ஒரு சினிமாவில் கூட்டத்தில் ஒருவராக நின்றார். படத்தின் பெயர் "பாக்தாத் திருடன்". எம்.ஜி.ஆர். படம் அல்ல. 1940-ல் வந்த ஆங்கிலப் படம். மைசூர்ப் பையன் சாபு நடித்தானே, அதுதான்!

அதன் பிறகு சினிமாவும் இல்லை, மேடையும் இல்லை. சிகை அலங்காரக் கடையில் எடுபிடி வேலை. தொப்பிகளுக்கு அலங்காரம் தைக்கும் வேலை. நூல் நிலையத்தில் வேலை. அடகுக் கடையிலும் வேலை. இதற்கிடையே கலியாணம் நடந்தது. ஒரு மகனும் பிறந்தான்.

"6 போதாது!"

1951-ல் ஜான் டாங்க்வொர்த் என்பவர் தன் ஜாஸ் இசைக் குழுவுக்குப் பாடகி தேடினார். கிளியோ போய்ப் பாடிக் காட்டினார்.

"இந்தப் பெண்ணிடம் ஏதோ இருக்கிறது" என்றார் டாங்க்வொர்த். "ஏதோவா? எல்லாமே இருக்கிறது" என்றார் குழுவில் இருந்த ஒருவர்.

வாரம் 6 பவுன் தருவதாகச் சொன்னார்கள். கிளியோ 7 பவுன் கேட்டார். கேட்டதைக் கொடுத்தார்கள்! கையில் காசு இல்லாத பெண் இப்படிக் கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

அவருடைய சொந்தப் பெயர் கிளமெண்டினா டைனா. விளம்பரத்தில் போட முடியாத நீளம். குழுவினர் பெயர்களைச் சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். வந்தது கிளியோ லேன்.

முதல் கலியாணம் நிலைக்கவில்லை. 1958-ல் கிளியோவும் டாங்க்வொர்த்தும் கணவன் மனைவி ஆனார்கள்.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பு மக்களிடம் பிறந்த இசை. அதில் எழுதி வைத்த மெட்டோடு நிற்பது இல்லை. நம் வித்வான்கள் கற்பனை ஸ்வரம் பாடுவது போல, அந்த நேரத்தில் தோன்றுவதைப் பாடுவார்கள். கணவர் ஸாக்ஸபோன் ஊதுவார். மனைவி சொல்லே இல்லாமல் அதே ஓட்டத்தில் கூடவே பாடுவார். எது குழல், எது குரல் என்று தெரியாது.

நாடக மேடையில்

கலியாணம் ஆன அதே ஆண்டில் கிளியோ நாடகத்திலும் கதாநாயகி ஆனார். 1961-ல் எடின்பரோ கலை விழாவில் புகழ் பெற்ற நடிகை லாட்டே லென்யாவுக்குப் பதிலாக மேடை ஏறினார். அதே ஆண்டில் அவருடைய சாதாரண சினிமாப் பாட்டு மாதிரியான இசைத்தட்டு ஒன்றும் அமோகமாக விற்றது.

அவர் நடித்த வேடங்களில் "ஷோ போட்" நாடகத்தின் ஜூலி வேடத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

மிசிசிப்பி ஆற்றில் ஒரு நாடகக் கப்பல். அதில் ஜூலிதான் நட்சத்திரம். அவள் உடம்பில் கறுப்பு இரத்தமும் ஓடுகிறது. அதை மறைத்து வெள்ளைக்காரனை மணந்து வாழ்கிறாள். அந்தக் கலியாணம் சட்டப்படி குற்றம். குட்டு வெளிப்பட்டதும், கப்பலை விட்டே போகிறாள். கடைசியில் குடித்துக் கெடுகிறாள்.

1951-ல் வந்த சினிமாவில் இந்த வேடம் வெள்ளைக்கார நடிகை ஆவா கார்ட்னருக்குப் போயிற்று. 1971-ல் லண்டனில் கிளியோ நடித்தார். கறுப்புத் தகப்பனுக்கும் வெள்ளைத் தாய்க்கும் பிறந்தவரே அந்த வேடத்தில் நின்று பாடினார். நாடகம் 900 தடவைக்கு மேல் நடந்தது.

பிறகு அமெரிக்கா. 1973-ல் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் கச்சேரி. 1985-ல் அதே நகரில் "எட்வின் டுரூட்" நாடகத்தில் அபினிக் கடைக்காரி வேடம். (கொலைகாரன் யார் என்று சபையோரே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் வேடிக்கையான நாடகம் இது!) 1986-ல் கிராமி பரிசு. 1997-ல் இங்கிலாந்து அரசு "டேம்" பட்டம் கொடுத்தது. 2006-ல் கணவருக்கு "சர்" பட்டம் கிடைத்தது.

அந்த இரவு

வேவண்டன் என்ற ஊரில் இவர்கள் வீட்டை ஒட்டி ஒரு பழைய குதிரை லாயம் இருந்தது. 1970-ல் அதைக் கச்சேரி மண்டபம் ஆக்கினார்கள். ஏழை பணக்காரப் பிள்ளைகள் எல்லோரும் இசை கற்க வழி செய்தார்கள்.

மண்டபத்தின் 40-வது ஆண்டு விழா 2010 பிப்ரவரி 6-ந் தேதி இரவு நடப்பதாக இருந்தது. அன்று பகலில் டாங்க்வொர்த் லண்டன் ஆஸ்பத்திரியில் இறந்து விட்டார்.

விழாவை நிறுத்தவில்லை. மகன் அலெக் இசைக் கருவி வாசித்தார். மகள் ஜாக்கி பாடினார். 82 வயது கிளியோவும் மேடை ஏறிப் பாடினார். சபையில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாது. கச்சேரி முடிந்த பிறகுதான், கணவர் இறந்த செய்தியை அவரே சொன்னார்.

அதன் பிறகும் சில ஆண்டுகள் பாடினார். 2025 ஜூலையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 97.